குதிரைத் திடலுக்கும் கரும்புத் திடலுக்கும் எவ்வளவு தூரம்

விமானத் திடலில் இந்தத் தரை வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு பயணி உங்களிடம் கேட்பார்: "அங்க போய்ச் சேர எவ்வளவு நேரம்?" இரண்டாம் நாளும் கேட்பார்கள். நீங்கள் ஓய்வு பெறும் நாளிலும் கேட்பார்கள். என் முழங்கால்கள் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதால் நான் கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். இல்லாவிட்டால் இப்போதும் யாராவது என்னிடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களிடம் கணினி இருக்கிறது. இரண்டு ஊர்ப் பெயரை அடித்தால் தூரமும் நேரமும் வந்துவிடும். என்னிடம் இருந்தது ஒரு வாய். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த வாயால் "கால் மணி நேரம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கால் மணி நேரம் ஒரு நாள் என் தலையிலேயே விடிந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேலை பார்த்த விமான நிலையம் பெரகலவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஒரு காலத்தில் குதிரை ஓட்டிய நீளமான புல்வெளி. அதனால் அதற்குக் குதிரைத் திடல் என்று பெயர். ஒரு தகரக் கொட்டகை, உட்கார இரண்டு வாங்கு, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்று, தேயிலைத் தொழிற்சாலையில் இரவல் வாங்கிய தராசு ஒன்று. தேயிலைப் பெட்டி நிறுக்கிற அந்தத் தராசில்தான் பயணிகளையும் ஏற்றி நிறுப்போம். பெரிய மனிதர்கள் கோபப்படுவார்கள். தூளைவிட நீங்கள் விலை கூடியவர் ஐயா என்று சொல்லிச் சமாளிப்பேன்.

மறுமுனை, கீழே சமவெளியில், புத்தலைக்கு அப்பால். கரும்புத் தோட்டத்தின் நடுவே செம்மண் பாதை ஒன்று. அது கரும்புத் திடல். அங்கே என்னைப் போலவே ஒருவர், சிங்களவர், என்னைவிட இளையவர். மாட்டை விரட்டுவது, மூட்டை தூக்குவது, தொலைபேசியில் கத்துவது எல்லாம் அவர் வேலை. நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த அந்த இரண்டு மூன்று வருடங்களில் ஒரு சின்னக் கம்பெனி, ஒரே ஒரு நான்கு இருக்கை விமானத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டு திடல்களுக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கியது. துரைமார், கரும்பு எந்திரம் பழுது பார்க்க வருகிறவர்கள், சுற்றுலாக்காரர்கள்.

நேராகப் பறந்தால் இருபது மைல் சொச்சம். கீழே இறங்கிப் போகக் கால் மணி நேரம். திரும்பி வருவதற்கு மலைச்சுவர் ஏற வேண்டும், அதனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே தூரம்தான், ஆனால் ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம். இதை நான் யாருக்கும் விளக்கியதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கால் மணி நேரம்தான். பஸ்ஸில் போனால் பெரகல, கொஸ்லந்த, வெல்லவாய என்று வளைந்து வளைந்து பாதி நாள் போய்விடும். என் மனைவி புஷ்பத்துக்கு அந்த வளைவுகள் ஆகவே ஆகாது. அவள் வாந்தி எடுக்காத மைல்கட்டை அந்தப் பாதையில் கிடையாது.

எங்கள் விமானி ஒரு நரைத்த மனிதர். தோட்டத்து பங்களா ஒன்றில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். எல்லோரும் கேப்டன் என்போம். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். திடலின் ஓரத்தில், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை, நாங்கள் மிலாறு என்போமே, அதைக் குவித்து, மேலே பச்சைத் தழை போட்டுப் புகை எழுப்ப வேண்டும்.

"நீ புகை போட்டா 'வா'ன்னு சொல்றே. நான் வருவேன். புகை இல்லையா, திரும்பிப் போயிருவேன். ஏன்னு கேக்க மாட்டேன். மாடு படுத்திருக்கோ, பனி ஏறிருச்சோ, உனக்கு வயித்து வலியோ, ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"தீப்பெட்டி நனைஞ்சு போயிருந்தா சார்?"

"அப்பவும் கேக்க மாட்டேன். ஆனா உனக்கு வேற வேலை தேடிக் குடுப்பேன்."

எங்களிடம் ஒரு வயர்லெஸ் பெட்டியும் இருந்தது. அது பாதி நாள் இருமும், மீதி நாள் பதுளையில் வைத்தியத்துக்குப் போயிருக்கும். அந்த வாரம் அது பதுளையில் இருந்தது.

புஷ்பம் தங்கச்சியின் பிள்ளைப்பேறுக்காகப் புத்தலைக்குப் போயிருந்தாள். கேப்டன் அன்று காலை ஒரு துரையைக் கரும்புத் திடலில் இறக்கிவிட்டு வெறும் விமானத்தோடு திரும்பி வரவேண்டியிருந்தது. மூன்று இருக்கை காலி. நான் கேப்டனிடம் தலையைச் சொறிந்தேன். "நிறுத்துப் பார்த்து ஏத்தச் சொல்லு" என்றார். உடனே புஷ்பத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எனக்கு பஸ்ஸே போதுங்க" என்றாள். "பஸ்ஸுல எடுத்தா கழுவிரலாம். மேல இருந்து எடுத்தா யாரு தலையில விழுமோ."

"அடி, கால் மணி நேரம். வாந்தி வர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவே."

பெரகலச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நானாவிலிருந்து லயத்து வரிசையில் இருந்த கடைசி வீடு வரைக்கும் இந்தச் செய்தியைப் பரப்பினேன். என் பெண்சாதி பிளேனில் வருகிறாள். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் மாமியாரிடமும் சொன்னேன். அவர் கல்யாண நாளிலிருந்து என்னை 'நீங்க' என்று மரியாதை குறையாமல் திட்டி வந்தவர்.

"மாப்ளே, அவ நடந்தே வந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. முழுசா வந்து சேர்ந்தா போதுங்க" என்றார்.

கரும்புத் திடலிலிருந்து அழைப்பு வந்தது. "அண்ணே, போயிட்டாங்க. அக்கா கண்ண மூடிக்கிட்டு சாமி கும்பிடுறாங்க. மடியில தயிர்ச் சட்டி..." அதோடு கொர்ரென்று ஒரு சத்தம். பிறகு தொலைபேசியில் உயிர் இல்லை. தட்டினேன், ஊதினேன், ஒன்றும் நடக்கவில்லை. அது அடிக்கடி நடப்பதுதான். நான் கவலைப்படவில்லை.

வெளியே வந்து பார்த்தேன். நல்ல வெயில். தூரத்துச் சமவெளி, அதில் ஒரு குளம் வெள்ளித்தட்டு மாதிரி பளபளப்பது வரைக்கும் தெரிந்தது. இரண்டு மாடுகளை விரட்டினேன். மிலாற்றைப் பற்றவைத்துத் தழையைப் போட்டேன். புகை நேராக, உயரமாக எழுந்தது. தராசின் மேல் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணி குடித்தேன். என் எடையையும் பார்த்துக்கொண்டேன். அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

எங்கள் பக்கத்துப் பனி மேலே இருந்து வருவதில்லை. கீழே பள்ளத்திலிருந்து, அடுப்பில் பால் பொங்குவது போல வரும். வழக்கமாக மத்தியானம் கழித்துத்தான். அதனால் நாங்கள் காலையிலேயே எல்லாப் பறப்பையும் முடித்துவிடுவோம். அன்று அது காலையிலேயே பொங்கிவிட்டது. திடலின் தெற்கு ஓரத்து வேலி முதலில் காணாமல் போனது. பிறகு துணிக்குழாய். பிறகு திடல். நான் எழுந்து நின்றபோது என் கால் செருப்பு எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

புகை மட்டும் நின்றது. பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு அது 'வா, வா' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் புகை போட்டபோது பொய் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் அது உண்மைதான். ஆனால் கேப்டன் அதைப் படிக்கப் போகிற நேரத்தில் அது பொய். கீழே இருக்கிற நமக்கும் மேலே இருக்கிறவர்களுக்கும் நடுவே எப்போதும் அந்த இடைவெளி இருக்கிறது. நாம் சொன்னது அங்கே போய்ச் சேர்வதற்குள் கெட்டுப்போய்விடும், வெயிலில் வைத்த மீன் மாதிரி.

உடனே அணைத்தேனா? இல்லை. ஐந்து நிமிஷத்தில் விலகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. மேலே இருப்பவள் என் பெண்சாதி. வா என்று கூப்பிடுகிற கையை எப்படிக் கீழே போடுவது? நெருப்பை அணைத்தால் அவளை இருட்டில் விட்டுவிட்டு நான் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது.

அப்போது எஞ்சின் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம், தெற்கே. பெரிதாகிக்கொண்டே வந்தது. தலைக்கு மேல் ஒரு சுற்று. அந்தச் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம். கேப்டன் வேகத்தைக் குறைக்கிறார். புகையை நம்பி இறங்கப் பார்க்கிறார். திடலுக்குத் தெற்கே பள்ளம். வடக்கே கோயில் பாறை. நடுவில் இருக்கிற புல்வெளி எனக்கே தெரியவில்லை.

பீப்பாயிலிருந்து ஒரு வாளி தண்ணீரை அள்ளி ஊற்றினேன். புஸ்ஸென்று வெள்ளை ஆவி, முன்பிருந்ததைவிட மூன்று மடங்கு புகை! நான் அணைக்கவில்லை, ஊதிப் பெருக்கியிருந்தேன். வாளியைத் தூக்கி எறிந்துவிட்டு, மண்வெட்டியால் மண்ணை வாரி, நனைந்த சாக்கைப் போட்டு, அதன் மேல் நானே ஏறி மிதித்தேன். ஒரு செருப்பு அதற்குள்ளேயே போய்விட்டது. கடைசியில் புகை அடங்கியது.

அடங்கியதும் வேறொரு சத்தம் கேட்டது. தகர டின் தட்டும் சத்தம். கோயில் பக்கமிருந்து.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். பனியில் யாராவது வழி தவறி வீடு வந்து சேரவில்லை என்றால், மேட்டில் பெரிய நெருப்பு போட்டு டின்னைத் தட்டுவார்கள். வெளிச்சத்தையும் சத்தத்தையும் பிடித்துக்கொண்டு ஆள் வந்து சேர்ந்துவிடும். எத்தனையோ பேர் அப்படி வந்து சேர்ந்திருக்கிறார்கள். பனிக்குள் பிளேன் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டதும் கொழுந்துக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு எங்கள் தோட்டத்து ஆட்கள் அதையேதான் செய்திருக்கிறார்கள். நல்ல மனசோடு, கோயில் பாறைக்கு அடியில்.

ஓடினேன். தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கானுக்குள் ஒரு தடவை முழுசாக விழுந்தேன். எழுந்து மறுபடி ஓடினேன். பனிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வெளிச்சம் தெரிந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் சுற்றி நின்று மிலாற்றை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத் தலைவர் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தார். நெருப்புக்கு நேர் முன்னால் என் மாமியார்.

"அணைங்க! எல்லாரும் அணைங்க!" என்று கத்தினேன்.

தலைவர் டின்னை நிறுத்தவில்லை. "என்னாய்யா, உன் ஒரு புகை பத்தாதுன்னுதானே நாங்க போட்டுக் குடுக்குறோம்?"

"இங்க இறங்கினா பாறைதான் தலைவரே!"

"அவரு பாறையிலயா இறங்குவாரு? வெளிச்சத்தப் பார்த்துட்டு திடலத் தேடிக்குவாரு."

நான் மண்ணை அள்ளி நெருப்பில் போட்டேன். என் மாமியார் என் கையைப் பிடித்தார். கொழுந்து எடுத்த கை, பிடித்தால் விடாது.

"எம் மக மேல நிக்கிறா. நீ மண்ணள்ளிப் போடுறியா?"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை 'நீ' என்றார்.

"அத்தை, புகையப் பார்த்தா கேப்டன் இறங்குவாரு. அது எங்களுக்குள்ள பேச்சு. புகை இல்லன்னாதான் திரும்பிப் போவாரு."

"எங்க போவாரு? ஒண்ணும் தெரியலியே!"

"நமக்குத்தான் தெரியல. பனி இங்கதான். கீழ வெயில் அடிக்குது அத்தை. வந்த வழியே போயிருவாங்க."

மேலே சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த முறை தாழ்ந்து. மாமியார் என் முகத்தையே பார்த்தார்.

"நிச்சயமா?"

கீழே வெயில் அடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கடைசியாக நான் பார்த்தபோது அடித்தது. என் புகையைப் போலத்தான், அதுவும் பார்த்த நேரத்து உண்மை.

"நிச்சயம்" என்றேன்.

அவர் என் கையை விட்டார். இடுப்பில் கட்டியிருந்த படங்கை, கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமலிருக்க எங்கள் பெண்கள் கட்டுகிற அந்த முரட்டுச் சாக்குத் துணியை, ஒரே இழுப்பில் அவிழ்த்தார். ஈரமாக இருந்தது. நெருப்பின் மேல் விரித்துப் போட்டு அதன் மேல் மண்ணை இழுத்துத் தள்ளினார். "என்னா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? அணைங்கடி!" என்றார். ஒரு நொடியில் எல்லாப் படங்குகளும் அவிழ்ந்தன. தலைவர் டின்னால் மண் அள்ளிப் போட்டார்.

புகை அடங்கியது. அந்த நேரம் பார்த்து விமானம் எங்கள் தலைக்கு மேல் வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தேயிலைச் செடிகள் நடுங்கின, நெஞ்சுக்கூட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி கீழே உட்கார்ந்து தலையை மூடிக்கொண்டாள். திடீரென்று எஞ்சின் வீறிட்டது. மேலே ஏறுகிற சத்தம். அது தெற்குப் பக்கம் திரும்பியது, தேய்ந்தது, தேய்ந்துகொண்டே போனது. நாங்கள் மூச்சை விடாமல் அதைக் காதால் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அது முழுசாக மறைந்து கொஞ்ச நேரம் இருக்கும். கீழே பள்ளத்திலிருந்து, தூரத்தில், டொம் என்று ஒரு சத்தம் வந்தது.

எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தி குரலெடுத்து அழத் தொடங்கினாள். "வாய மூடுடி" என்றார் மாமியார். "எவளுக்கு இப்ப ஒப்பாரி வைக்கிறே?" பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அது என்னா சத்தம்?"

"தெரியல அத்தை."

"நிச்சயம்னு சொன்னியே."

எனக்கு எந்த நேரத்திலும் வாயில், ஆளைச் சிரிக்கவைக்க, ஒரு பகிடி தயாராக இருக்கும் என்று சொல்வார்கள். அன்று என் வாயில் மண்தான் இருந்தது, கானில் விழுந்த மண்.

கொட்டகைக்கு ஓடித் தொலைபேசியை எடுத்தேன். செத்தது செத்ததுதான். தோட்டத்து ஆபீசிலும் அப்படியே. பெரகலச் சந்தியில் ஏதாவது கிடைக்கும் என்று குறுக்குப் பாதையில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் மாமியார் பின்னால் வந்துகொண்டிருந்தார். கையில் பாதி எரிந்த படங்கு. என்னோடு சேர்ந்து நடக்கவும் இல்லை, என்னைத் தனியாக விடவும் இல்லை. வழியெல்லாம் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். கேப்டன் ஒருபோதும் போகிற பயணத்துக்கு மட்டும் எண்ணெய் ஊற்றமாட்டார், திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தான் ஊற்றுவார். ஆகவே எண்ணெய் இருக்கும். கீழே வெயில் இருந்தால் இந்நேரம் இறங்கியிருப்பார்கள். வெயில் இருந்தால். எத்தனை தடவை போட்டாலும் கணக்கு சரியாக வந்தது. எத்தனை தடவை சரியாக வந்தாலும் அந்த டொம் அதில் அடங்கவில்லை.

கடை வாசலில் நானா எங்களைப் பார்த்தார். "என்னா, உங்கட கால் மணித்தியாலம் இன்னும் முடியல்லையா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். இரண்டு தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். மாமியார் தொடவில்லை.

"நானா, போன் வேலை செய்யுதா?"

"காலையிலயே செத்துப் போச்சு. பஸ்ஸும் வரல்ல. கொஸ்லந்தப் பக்கம் ரோட்டை மூடியிருக்காம். என்னமோ விழுந்திச்சாம்."

"என்னா விழுந்துச்சு?"

"தெரியாது மகனே. விழுந்திச்சின்னு மட்டும்தான் சொன்னாங்க."

நான் மாமியாரைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. தம்பிமாரே, பயம் என்றால் அலறுவது, ஓடுவது என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் வேலை இருக்கும்போது. வேலை முடிந்த பிறகு வருகிறதுதான் பயம். செய்ய ஒன்றும் இல்லாமல், ஒரு வாங்கில் உட்கார்ந்து, வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பது. மேலே போய் மறுபடி நெருப்பைப் போட்டுவிடலாமா என்றுகூட இரண்டு தடவை எழுந்தேன். யாருக்காகப் போடுவது? வானத்தில் யாரும் இல்லை. இரண்டு தடவையும் மறுபடி உட்கார்ந்தேன்.

மத்தியானம் போய், வெயில் சாய்ந்து, பனியும் அலுத்துப் போய் விலகிய நேரத்தில், வெல்லவாய பஸ் முக்கிக்கொண்டு வளைவில் தலையைக் காட்டியது. நான் கண்டக்டரிடம் ஓடினேன்.

"அங்க என்னா விழுந்துச்சு?"

"கல்லுங்க. யானை மாதிரி ஒரு கல்லு ரோட்டுக்கு நடுவுல. போன் கம்பியையும் இழுத்துக்கிட்டு வந்துருச்சு. வெடி வச்சு உடைச்சாங்க. இங்க வரைக்கும் கேட்டிருக்குமே."

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். பணம் கேட்கிறேன் என்று நினைத்து அவர் பயந்துபோனார்.

பின் வாசலால் ஒரு பெண் இறங்கினாள். முகம் வெளுத்துப்போய், மூக்கில் ஒரு எலுமிச்சம்பழத்தை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஓலைப்பின்னலுக்குள் ஒரு மண்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. புஷ்பம்.

மாமியார் எழுந்து போனார். மகளை மேலும் கீழும் பார்த்தார். கட்டிப்பிடிக்கவில்லை. "சட்டி உடையலையா?" என்று கேட்டார்.

"நாலு எடத்துல வாந்தி எடுத்தேன். சட்டிய விடல" என்றாள் புஷ்பம். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்க, உங்க கால் மணி நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில ஏறினேன், இப்பதான் இறங்குறேன்."

நானா கடையில் உட்கார வைத்து, ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் அவள் சொன்னாள். பனிக்கு மேலே ஒரு புகை நின்றதாம். "உங்க ஆளு கூப்பிடுறான்" என்று கேப்டன் இறங்கத் தொடங்கினாராம். பாதியில் அது காணாமல் போய், வேறொரு இடத்தில் இன்னொரு புகை வந்ததாம். "இது என்னா, இடத்த மாத்தி மாத்திக் கூப்பிடுறான்?" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் திருப்பினாராம். அதுவும் அணைந்துவிட்டது. "போகச் சொல்றான்" என்று மட்டும் சொல்லி விமானத்தின் மூக்கைத் தூக்கி, மறுபடி கரும்புத் திடலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டாராம்.

"நான் சொன்னேன், அவரு வீட்டுலயும் இப்படித்தான் சார், வாம்பாரு, உடனே போம்பாரு" என்றாள். நானா சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அவள் கண்ணாடிக் கிளாசைக் கீழே வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "திரும்புறப்ப ஒரு கணம் பனி கிழிஞ்சிச்சுங்க. கோயில் பாறை உச்சியில சூலம் நட்டிருக்குல்ல, அதுல கட்டின சிவப்புத் துணி. அதோட முடிச்சு தெரிஞ்சிச்சு."

மாமியார் தன் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. புகை போட்டேன். கேப்டன் வந்து இறங்கினார். புதைந்த சாக்கு, மண்மேடு, அதில் கருகிக் கிடந்த என் செருப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். ஏன் அணைத்தாய் என்று கேட்கவில்லை. ஏன் இரண்டு இடத்தில் புகை என்றும் கேட்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். தராசின் மேல் ஏறி நின்று, "எவ்வளவு காட்டுது பாரு" என்றார். நேற்று இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, கூப்பிடுவது பெரிய வேலையில்லை. ஒரு தீப்பெட்டி போதும். கூப்பிட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குத்தான் நமக்குச் சம்பளம். மேலே யார் இருந்தாலும், பக்கத்தில் யார் கையைப் பிடித்தாலும், எத்தனை நல்ல மனசுக்காரர்கள் சுற்றி நின்று டின் தட்டினாலும். அதோடு, யாராவது எவ்வளவு நேரம் என்று கேட்டால், போகிற நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். திரும்பிப் போகவேண்டி வந்தால் ஆகிற நேரத்தையும் சேர்த்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குப் புதுப் படங்கு வாங்கிக் கொடுத்தேன். அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஓரம் கருகின பழையதையே கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் பனி பொங்கி வந்தது. அப்போதெல்லாம் தேயிலைக்கு நடுவிலிருந்து அவர் குரல்தான் முதலில் கேட்கும். இடுப்புத் துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"மாப்ளே, அணைக்கவாங்க?"

ஊரில் யார் என்ன கேட்டாலும் நான் கோணலாகத்தான் பதில் சொல்வேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு நாளும் பகிடியாகப் பதில் சொன்னதில்லை.